மோவாயில் தையல் போட்டதோடு வேலை முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இருசக்கர வாகன விபத்துச் செய்திகளில் ‘லேசான காயங்களுடன் உயிர் தப்பினார்’ என்றொரு வரி அடிக்கடி வருகிறது. அந்தக் காயம் மோவாய்க்கு அடியில் இருந்தால், லேசானது என்று எழுதுவதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும். செய்தி எழுதுபவர்கள் மட்டுமல்ல. நாலு தையல் போட்டு, டி.டி. ஊசி குத்தி, வலி மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்புபவர்களும்தான். தாடை முறிந்து வாரக்கணக்கில் தாமதமாக எங்கள் துறைக்கு வருபவர்கள் பலரிடம் மோவாய்க்கு அடியில் நேர்த்தியாக ஆறிய ஒரு தழும்பு இருக்கும். தையல் போட்ட கை குறை சொல்ல முடியாத கைதான். எலும்பைத்தான் யாரும் பார்க்கவில்லை.

பல் மருத்துவக் கல்லூரி என்றால் சொத்தையை அடைக்கிற, கடைவாய்ப் பல்லைப் பிடுங்குகிற இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வாய், முக, தாடை அறுவை சிகிச்சை என்று அங்கே தனித்துறை உண்டு. சென்னையில் 1953-இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கி வளர்ந்த அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் உண்டு. மற்றப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் உண்டு. பி.டி.எஸ். முடித்த பின் மூன்றாண்டு எம்.டி.எஸ். படிப்பு இதற்கு. தாடைக் கட்டி, பிளவுபட்ட உதடு, வாய்ப் புற்றுநோய், சீழ் வைத்த கழுத்து வீக்கம் எல்லாம் இங்கே வரும். விபத்தில் உடைந்த முகமும் இங்கேதான் வர வேண்டும்.

கீழ்த்தாடை வளைந்த ஒரே எலும்பு. அதன் இரு முனைகளும் காதுக்குச் சற்று முன்னால் மண்டையோட்டின் குழிக்குள் பொருந்தியிருக்கின்றன. வளையலை ஓரிடத்தில் அழுத்தினால் வேறோர் இடத்திலும் விரிசல் விடுவதுபோல, மோவாயில் வாங்கிய அடி எலும்பு வழியாக ஏறி, மூட்டுக்குக் கீழே இருக்கும் மெல்லிய கழுத்துப் பகுதியை முறிக்கிறது. சில நேரம் இரண்டு பக்கமும் முறியும். இதில் உடம்புக்கு ஒரு லாபமும் இருக்கிறது: அந்தக் கழுத்து முறியாவிட்டால் மூட்டு முனை மேலே ஏறி மண்டைக்குள்ளேயே இறங்க வாய்ப்புண்டு. ஆனால் வெளியில் ரத்தம் வரும் இடம் மோவாய், முறிந்த இடமோ காது ஓரம். பார்ப்பவர் கண் ரத்தத்தின் மேலேயே நின்றுவிடுகிறது.

கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். நினைவோடு இருக்கும் நோயாளியிடம், “வாயை மூடிப் பல்லைக் கடிங்க, முன்ன மாதிரி பல் சேருதா?” என்று கேட்டால் போதும். “இல்லைங்க, மாறிப்போன மாதிரி இருக்கு” என்று வரும் பதிலை அப்படியே நம்பலாம். அவரவர் கடி அவரவருக்குத் துல்லியமாகத் தெரியும். கடைவாய்ப் பற்கள் மட்டும் முட்டி, முன்பற்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் இரண்டு மூட்டும் முறிந்திருக்கலாம். அடுத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். மோவாய் ஒரு பக்கமாக ஒதுங்கினால், ஒதுங்கும் பக்கம்தான் முறிவு. மூன்றாவதாக இரு சுண்டுவிரல்களையும் காதுத் துளைகளில் மெதுவாக வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னால், மூட்டு நகர்வது விரலில் தெரியும். நகராத பக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். நாக்குக்கு அடியில் நீலம் பாய்ந்திருப்பது, கீழுதடு ஒரு பக்கம் மரத்திருப்பது, இரண்டு பற்களுக்கு நடுவே திடீரென்று படிபோல் ஏற்ற இறக்கம் தெரிவது எல்லாம் தாடை எலும்பு முறிவின் அடையாளங்கள். காதிலிருந்து ரத்தம் வந்தால் முதலில் மண்டை அடித்தள முறிவைச் சந்தேகிப்பது சரி. ஆனால் தாடை மூட்டு பின்னால் குத்தி காதுத் துளையின் முன்சுவர் கிழிந்தும் ரத்தம் வரும். இரண்டையும் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் இரண்டு நிமிடம் போதும்.

முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி இயந்திரம் இல்லாத ஊரிலும் சாதாரண எக்ஸ்ரேயில் வேலை நடக்கும். நேர்ப் படம் ஒன்று, வாயைத் திறந்தபடி நெற்றியைத் தகட்டில் வைத்து மூட்டுக் கழுத்து தெரிய எடுக்கும் படம் ஒன்று. ஒரே கோணத்தில் எடுத்த படத்தை மட்டும் வைத்து முறிவில்லை என்று சொல்லக் கூடாது. மூட்டுக்கு சி.டி. ஸ்கேன் இன்னும் தெளிவு. தலைக்கு எப்படியும் சி.டி. எடுக்கிறார்கள், அதைக் கொஞ்சம் கீழே, மோவாய் வரை நீட்டச் சொன்னால் இரண்டாவது முறை எடுக்க வேண்டியிருக்காது. பல் ஒன்று குறைகிறது, சம்பவ இடத்திலும் கிடைக்கவில்லை என்றால் மார்பு எக்ஸ்ரே அவசியம். மூச்சுக்குழாயில் போயிருக்கலாம்.

படுக்க வைப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. மோவாயின் இரு பக்கமும் முறிந்து நடுத்துண்டு தனியானால், அதில் பிடித்திருக்கும் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். மல்லாக்கப் படுக்க வைத்தால் திணறுவார். கழுத்தில் அடியில்லை என்றால் முன்னால் குனிந்து உட்காரவோ ஒருக்களித்துப் படுக்கவோ விடுங்கள். தலையையும் மோவாயையும் சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டுவது நாட்டு வைத்தியத்திலும் உண்டு, சில கிளினிக்குகளிலும் உண்டு. இப்படிப்பட்ட முறிவில் அந்தக் கட்டு துண்டை இன்னும் பின்னால் தள்ளும்.

எங்கள் துறைக்கு வந்தபின் நடப்பதையும் சொல்கிறோம். ‘வாயைக் கம்பி வைத்துக் கட்டிவிடுவார்கள்’ என்ற பயத்திலேயே வராமல் இருப்பவர்கள் உண்டு. மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்றாகக் கொக்கிகள் உள்ள பட்டையைப் பல் வரிசையின் நீளத்துக்கு வெட்டிப் பொருத்துகிறோம். பட்டையைப் பற்களோடு பிணைப்பது பெரும்பாலும் 26 கேஜ் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. அதை முதலிலேயே கொஞ்சம் இழுத்து நீட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வாய்க்குள் போன பிறகு நீண்டு தளர்ந்துவிடும். பல்லின் கழுத்தைச் சுற்றி ஒரு முனை பட்டைக்கு மேலும் மறுமுனை கீழும் வர, எப்போதும் கடிகாரச் சுற்றிலேயே முறுக்குகிறோம். நாளை வேறொரு மருத்துவர் அவிழ்க்க வேண்டியிருந்தால் எந்தப் பக்கம் திருப்புவது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முறுக்கிய முனையை வெட்டி, பல்லோரம் மடக்கிவிட வேண்டும். இதில் அசட்டையாக இருந்தால் உதட்டின் உட்புறம் புண்ணாகி, நோயாளி கம்பியையே வெறுத்துவிடுவார்.

பிறகு பழைய கடிக்குப் பற்களைப் பொருத்தி, மேல், கீழ்ப் பட்டைகளின் கொக்கிகளை ரப்பர் வளையத்தாலோ கம்பியாலோ சேர்த்துக் கட்டுகிறோம். எது பழைய கடி என்பதைப் பற்களின் தேய்மானமே சொல்லும். மேல்பல்லின் தேய்ந்த இடத்தில் கீழ்ப்பல்லின் தேய்ந்த இடம் அமர வேண்டும். கடி சரியானால் எலும்பு சரியாகும். அதனால்தான் மயக்க மருந்துக் குழாயை மூக்கு வழியாகச் செலுத்துகிறார்கள். வாய்க்குள் குழாய் இருந்தால் பல்லை மூட முடியாது. தொண்டையில் வைக்கும் துணிச்சுருளை வைத்ததும் பலகையில் எழுதி, எடுத்ததும் அழிக்கும் பழக்கத்தை எந்த அவசரத்திலும் விடக் கூடாது. உள்ளே மறந்துபோய் வாயைக் கட்டினால் மூச்சுக்கே ஆபத்து.

டைட்டேனியம் பிளேட் வைப்பதென்றால் கீழுதட்டின் உட்புறம் கீறுகிறோம், வெளியில் தழும்பு வராது. முன்பகுதி முறிவுக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பிளேட். கடைவாய்க் கோணத்துக்குப் பெரும்பாலும் மேல்விளிம்பில் ஒன்று போதும். 2 மி.மீ. திருகாணிக்கு 1.5 மி.மீ. துளை. துளையிடும்போது உப்புநீர் நிற்காமல் ஊற்ற வேண்டும். எலும்பு 47 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தாலே அந்த இடத்துச் செல்கள் சாகும். பிறகு திருகாணி தளரும், சீழ் வைக்கும். பிளேட்டை எலும்பின் வளைவுக்கு வளைக்க வேண்டும். அவசரத்தில் வளையாத பிளேட்டைத் திருகி இறுக்கினால் எலும்பு பிளேட்டுக்கு வளைந்து கொடுக்கும், கடி மாறிவிடும். தையலுக்கு முன் கட்டைத் தளர்த்தி, கையால் தாடையை மூடிப் பார்க்கிறோம். சேரவில்லை என்றால் திருகாணிகளைக் கழற்றி முதலிலிருந்து.

பிளேட் வைத்தவர்களுக்கு நீண்ட நாள் வாய்க்கட்டு தேவைப்படாது. பிளேட் இல்லாமல் கட்டு மட்டும் என்றால் பெரியவர்களுக்கு 4 முதல் 6 வாரம். இந்த வாரங்களில்தான் வீட்டில் கெடுகிறது. பால், வடிகட்டிய கஞ்சி, பருப்புத் தண்ணீர், பாலில் அடித்த முட்டை என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்காமல், மூன்று வேளைக் கணக்கிலேயே கொடுத்து ஆளை மெலிய விடுகிறார்கள். கம்பி இருக்கிறது என்று பல் துலக்குவதை விட்டுவிடுகிறார்கள். பீடி, ஹான்ஸ் பழக்கத்தை விடாதவருக்குச் சீழ் வைக்கும் வாய்ப்பு அதிகம். ரப்பர் வளையத்தை வெட்டக் கத்தரிக்கோலும், கம்பியானால் வெட்டுக்குறடும் நோயாளி பக்கத்திலேயே இருக்க வேண்டும். வாந்தி வந்தால் முன்னால் குனிந்தால் பெரும்பாலும் பல் இடுக்கு வழியாகவே வெளியேறிவிடும். மூச்சு முட்டினால் யோசிக்காமல் வெட்டிவிடுங்கள், மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

குழந்தைகள் விஷயம் வேறு. மாடிப்படியில், சைக்கிளில், ஊஞ்சலில் விழுந்து மோவாய் கிழிந்த குழந்தை இரண்டு நாளில் விளையாடப் போய்விடும். மூட்டுக்குள் கசிந்த ரத்தம் மெல்ல எலும்பாகி, தாடையை மண்டையோட்டோடு ஒட்டவைத்தால், சில ஆண்டுகளில் வாய் ஒரு விரல்கூட நுழையாத அளவுக்குக் குறுகிவிடும். தாடை வளரும் இடமும் அந்த மூட்டுதான் என்பதால் மோவாய் பின்தங்கிவிடும். தூக்கத்தில் குறட்டை, மூச்சுத் திணறல், துலக்க முடியாமல் வரிசையாகச் சொத்தை. மயக்க மருந்து கொடுப்பதே கடினம். நினைவிருக்கும்போதே மூக்கு வழியாக நுண்குழாய்க் கேமராவை விட்டுத்தான் சுவாசக் குழாய் போட முடிகிறது. ஒட்டிய எலும்பை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு வெட்டி எடுத்து, நடுவே நெற்றிப்பொட்டுத் தசையை மடித்து வைக்கிறோம். தேவைப்பட்டால் விலா எலும்பின் குருத்தோடு கூடிய துண்டால் புது மூட்டு அமைக்கிறோம். பின்தங்கிய தாடையை நீட்ட எலும்பை வெட்டிக் கருவி பொருத்தி, நாளுக்கு 1 மி.மீ. வீதம் திருகி விலக்கும் முறையும் உண்டு.

இவ்வளவு செய்த பிறகும் மறுபடி ஒட்டிக்கொள்வதற்கு முக்கியக் காரணம், பயிற்சியை நிறுத்துவது. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டி வாயைத் திறக்கும் பயிற்சி, அறுவை முடிந்த சில நாட்களிலேயே தொடங்கிக் குறைந்தது ஓராண்டு நடக்க வேண்டும். பிள்ளை அழுகிறதே என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். மனசு கேட்காதுதான். ஆனால் அழவிடாமல் வைத்துக்கொண்டால் இரண்டாவது அறுவைக்கு வர நேரும். விழுந்த முதல் வாரத்திலேயே மூட்டு முறிவு தெரிந்திருந்தால் இத்தனையும் தேவைப்பட்டிருக்காது. சில நாள் மென்மையான சாப்பாடு, வேண்டுமென்றால் ஒரு வாரம், பத்து நாள் ரப்பர் கட்டு, பிறகு வாய் திறக்கும் பயிற்சி என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். குழந்தையின் மூட்டு தன்னைத் தானே செப்பனிட்டு வளரும் திறன் கொண்டது. அதை அசையாமல் நெடுநாள் கட்டி வைப்பதுதான் தவறு. மோவாயில் தையல் போட்ட குழந்தையின் வாயில் அதன் சொந்த விரல் மூன்று செங்குத்தாக நுழைகிறதா என்று ஓராண்டுக்கு மாதம் ஒருமுறை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

விபத்துப் பிரிவில் ஏ.ஆர். என்னும் விபத்துப் பதிவேட்டை எழுதும் மருத்துவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எலும்போ பல்லோ முறிந்தாலும் இடம் பெயர்ந்தாலும் அது சட்டப்படி கொடுங்காயம். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 320-ஆம் பிரிவிலும் அப்படித்தான், இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதா 116-ஆம் பிரிவிலும் அப்படித்தான். பார்க்காமல் விட்ட முறிவு காயச் சான்றிதழில் சாதாரணக் காயம் என்று பதிவாகிறது. பிறகு இழப்பீட்டு வழக்கில் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் கேள்வி கேட்பார்கள். ‘மோவாயில் 3 செ.மீ. கிழிசல்’ என்று எழுதும் வரிக்குப் பக்கத்தில் ‘கடி சரி / மாறியுள்ளது’ என்று இன்னும் இரண்டு சொல் எழுதினால் போதும். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் பணம் கட்ட வேண்டியதில்லை. அந்த நேரத்துக்குள்ளேயே தாடையையும் பார்த்துவிடலாம். உயிருக்கு ஆபத்தில்லை என்றானபின் ஒரு வாரத்துக்குள் எங்களிடம் அனுப்பினால் நல்லது. மூன்று வாரம் கடந்தால் எலும்பு கோணலாகவே கூடத் தொடங்கிவிடும், மறுபடி உடைத்துத்தான் சேர்க்க வேண்டும்.

தலைக்கவசம் பற்றி நிறைய எழுதிவிட்டீர்கள். தொப்பி போன்ற அரைக் கவசம் மோவாயைக் காக்காது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும்போது சீட்டில் அடிபட்ட நேரம், மயக்கம், வாந்தி, டி.டி. போட்டதா என்பதை எழுதுங்கள். முழுதாகக் கழன்று விழுந்த நிரந்தரப் பல் கிடைத்தால் வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, தேய்க்காமல், காய்ச்சி ஆறிய பாலில் போட்டுக் கையோடு கொடுத்தனுப்புங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் மறுபடி பொருத்தி, இரண்டு வாரம் பக்கத்துப் பற்களோடு கட்டி வைக்கலாம். பால் பல்லைப் பொருத்துவதில்லை; ஆனால் அதையும் கொண்டு வாருங்கள். முழுப் பல்லா, உடைந்த துண்டா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
வாய், முக, தாடை அறுவை சிகிச்சைத் துறை ஆசிரியர்கள் சிலர்,
சென்னை.