தறிக்கு வைத்த ஜன்னல்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. பதில் எழுதாததற்குச் சோம்பல்தான் காரணம். மூட்டுவலி இப்போது எப்படி? பேத்தி சுவரைப் பிடித்து நடக்கிறாள் என்று எழுதியிருந்தாயே, இந்நேரம் ஓடவே ஆரம்பித்திருப்பாள்.

மகனின் வேலை மாறியதால் நாங்கள் வட இங்கிலாந்துக்கு வந்துவிட்டோம். யார்க்‌ஷயரில் ஹெப்டன்ஸ்டால் என்ற மலையூர். தெரு, சுவர், கூரை எல்லாமே கல். வெட்டி எடுத்தபோது வெல்ல நிறத்தில் இருந்த கல்லாம். பள்ளத்தாக்கில் ஆலைகள் வந்த பிறகு, அந்தப் புகை படிந்து கறுத்துவிட்டது. மழையில் நனைந்தால் எங்கள் தெரு தோசைக்கல் மாதிரி மின்னும்.

எனக்குப் பிடித்தது மாடி ஜன்னல்தான். நடுநடுவே கல்தூண் வைத்துப் பிரித்த ஆறு கண்ணாடிகள், சுவர் முழுக்க வரிசையாக. அழகுக்கு வைத்தது என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி சிரித்துவிட்டார். தறிக்கு வெளிச்சம் வேண்டுமே, அதற்காம்! இருநூறு, இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் இது நெசவாளர் ஊர். பிள்ளைகள் கம்பளியைச் சிக்கெடுக்க, பெண்கள் நூற்க, ஆண்கள் நெய்வார்கள். சென்னிமலையில் உன் அப்பா குழித்தறியில் கால் இறக்கி உட்கார்ந்திருப்பாரே, அது கண்முன் வந்தது. அவருக்கு இப்படி ஒரு ஜன்னல் இருந்திருந்தால் கண்ணாவது கொஞ்சம் தப்பித்திருக்கும்.

நெய்த துணி ஹாலிஃபாக்ஸுக்குப் போகும். அங்கே பீஸ் ஹால் என்ற பெரிய சந்தை 1779-ல் திறந்திருக்கிறார்கள். முற்றத்தைச் சுற்றி 315 அறைகள், எல்லாம் துணி வியாபாரத்துக்கு. போய்ப் பார்த்தேன். அப்புறம் ஆலைகள் வந்து கைத்தறியை ஒழித்த கதை உனக்கு நான் சொல்லவா வேண்டும்?

மலைக்குக் கீழே ஹெப்டன் பிரிட்ஜில் இன்னொரு வேடிக்கை. ஆலைத் தொழிலாளர்களுக்குக் கட்ட சமதளம் இல்லாததால் வீட்டின் மேலேயே வீடு வைத்திருக்கிறார்கள். கீழ் வீட்டு வாசல் பள்ளத்துத் தெருவில், மேல் வீட்டு வாசல் பின்பக்கம் மேட்டுத் தெருவில். ஒரே கட்டடம், ஆனால் எதிரெதிரே பார்க்கவே வேண்டாம். சம்பந்திகள் குடியிருக்க ஏற்ற இடம்.

சரி, குறையையும் சொல்கிறேன். வந்த முதல் குளிர்காலத்தில் வடக்குச் சுவர் வியர்த்துக் கொட்டியது. அலமாரியிலிருந்த என் தோல் செருப்பில் வெள்ளையாகப் பூஞ்சை, பஞ்சு ஒட்டின மாதிரி. சுவர் 2 அடி கனம்: வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசை, இடையில் சில்லுக்கல். அந்தக் காலத்தில் கல் இடுக்கில் சுண்ணாம்புக் காரை பூசியிருந்தார்கள். உள்ளே போன ஈரம் அதன் வழியாக வெளியே போய்விடும். பின்னால் யாரோ புத்திசாலி அதன் மேல் சிமென்ட் பூசிவிட்டார், ஈரம் உள்ளேயே சிக்கிக்கொண்டது. வயதான கொத்தனார் ஒருவர் வந்து உளியால் சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, மறுபடி சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருக்கிறார். பாதிச் சுவர் முடிந்திருக்கிறது. உன் தாத்தா வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் முதுகைச் சாய்த்தால் மே மாதத்திலும் குளுகுளுவென்று இருக்குமே, நினைவிருக்கிறதா?

ஏப்ரலில் குளிர் குறையும், அவசியம் வா. மாடி ஜன்னலோரக் கட்டில் உனக்குத்தான். செருப்பை மட்டும் வடக்குச் சுவர்ப் பக்கம் விட்டுவிடாதே.

அன்புடன்,
ராமு