பச்சை அட்டை நோட்டு

அன்புள்ள கலா,

நாலு மாதமாக உனக்குப் பதில் போடாமல் இருந்துவிட்டேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். ராஜிக்கு முட்டி வலி தேவலை. வாய்க்கு மட்டும் ஓய்வே இல்லை, உனக்குத் தெரியாததா.

எழுத உட்கார்ந்ததே வேறு விஷயத்துக்காக. அம்மாவின் கணக்கு நோட்டை மூன்று நாள் தேடினேன். சிவப்பு அட்டை, கண்ணை மூடினால் மடங்கிப்போன அதன் மூலைகூடத் தெரிந்தது. அலமாரியை இரண்டு முறை காலி செய்தேன். கடைசியில் ராஜி வந்து, "இதோ இருக்கே" என்று என் கண்ணுக்கு நேரே இருந்த தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பச்சை அட்டை! அம்மா எப்போதோ மாற்றியிருக்கிறாள். அதே நோட்டைக் கையால் ஒதுக்கிவிட்டு அதன் பின்னால்தான் துழாவியிருக்கிறேன்.

தேடும்போது மனதில் எந்த நிறத்தைப் பிடித்துக்கொள்கிறோமோ, கண் அதன் பக்கமே போகுமாம். அதைப் படிக்கப் போய் வேறு எங்கெங்கோ போய்விட்டேன். 1910-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பெர்க்கி என்ற பெண் ஒரு சோதனை செய்திருக்கிறாள். ஆட்களைக் கண்ணாடித் திரையின் முன் உட்காரவைத்து, திரையைப் பார்த்தபடியே ஒரு வாழைப்பழத்தை மனதில் நினைக்கச் சொன்னாள். அவர்களுக்குத் தெரியாமல் பின்னாலிருந்து நிஜமாகவே வாழைப்பழ உருவத்தை மிக மங்கலாகத் திரையில் விழவைத்தாள். எல்லோரும் அது தங்கள் கற்பனை என்றே நம்பினார்கள். படுத்த மாதிரி நினைத்த பழம் ஏன் நிமிர்ந்து நிற்கிறது என்று வியந்தார்களே தவிர, சந்தேகமே வரவில்லை. எதிரே இருந்த வெளிச்சம் மனப்படத்துக்குள் கலந்துபோயிற்று. இதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

1970-இல் இன்னொரு சோதனை. மனதில் படம் ஒன்றை வைத்திருக்கும்போது மங்கலான வெளிச்சத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாகிறது. ஓசையைக் கற்பனை செய்தாலோ மெல்லிய ஓசை காதில் தப்பிப்போகிறது.

ஆனால் மனப்படம் எப்போதும் மறைக்கத்தான் செய்யும் என்று நினைத்துவிடாதே. ஒரு கண்ணுக்குப் பச்சைக் கோடுகளும் மறு கண்ணுக்குச் சிவப்புக் கோடுகளும் காட்டினால் மூளை இரண்டையும் கலக்காது. ஏதாவது ஒன்றுதான் ஜெயித்துக் கண்ணுக்குத் தெரியும். முன்கூட்டியே சில விநாடி பச்சையை நினைத்திருந்தால் பச்சை ஜெயிக்க வாய்ப்பு அதிகம் என்று 2008-இல் பியர்சன் என்ற ஆய்வாளரின் குழு காட்டியது. எவ்வளவு நேரம் நினைக்கிறோமோ அவ்வளவு பலம். நினைக்கும்போது எதிரே வெளிச்சம் இருந்தால் அந்தப் பலம் குறைந்துவிடும்.

இந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மா போன பிறகு சாயங்காலங்களில் அவளை ஜன்னலோரம் பார்த்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. நாற்காலியில் கிடந்த துண்டுதான் அது. விளக்கைப் போட்டதும் துண்டாகிவிடும். ஆனால் போடுவதற்கு முன் ஒரு கணம் அவள் தோள் அப்படியே தெரியும், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து. புத்தி பிசகிவிட்டதோ என்று பயந்துகொண்டே இருந்தேன். மனப்படமும் பார்வையும் மூளையில் பெரும்பாலும் ஒரே இடங்களைத்தான் பயன்படுத்துகின்றன. படம் போதுமான அளவு தெளிவாக இருந்தால் மூளை அதை நிஜமென்று எடுத்துக்கொள்ளும் என்று 2023-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

இப்போது உன் விஷயம். விடுதியில் எல்லோரும் கண்ணை மூடிக் கடலை நினைத்தபோது "எனக்கு இருட்டுதான் தெரிகிறது" என்று நீ சொன்னாய். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ராஜி வருஷக்கணக்கில் உன்னை "பவர்கட்" என்றே கூப்பிட்டாள். நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை, இல்லையா? மனதில் படமே வராதவர்கள் இருக்கிறார்கள் கலா. 2015-இல் ஆடம் ஸீமன் என்ற மருத்துவர் அதற்கு 'அஃபான்டேசியா' என்று பெயர் வைத்தார். அவர்களிடம் அந்தப் பச்சை, சிவப்புச் சோதனையைச் செய்தால் நினைத்த நிறத்துக்குச் சாதகம் எதுவும் கிடைப்பதில்லை. நீ சொன்னது நிஜம். அன்று சிரித்ததற்கு என்னை மன்னித்துவிடு.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். என் அம்மா உன்னை எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று உனக்கே தெரியும். அவள் நினைவு வரும்போது உனக்கு என்னதான் வருகிறது? குரலா, கை வாசனையா, வெறும் சொற்களா? விவரமாக எழுது. தாமதமானாலும் பரவாயில்லை.

உன்,
வசந்தி