படத்தில் சாய்ந்திருப்பவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் நாற்காலிகளைப் பற்றி வந்த கட்டுரையைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். எழுத்து நன்றாக இருந்தது. உறுத்தியது படக்குறிப்புதான். எஃகுக் குழாய்ச் சாய்வு நாற்காலியில் ஒரு பெண் கால்களை உயர்த்திப் படுத்திருக்கிறார். கீழே ‘லெ கொர்புசியேயின் புகழ்பெற்ற நாற்காலி’ என்று போட்டிருக்கிறீர்கள். கட்டடக் கலைஞரின் பெயர் இருக்கிறது; அந்தப் பெண் யார் என்று ஒரு சொல் இல்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருப்பதால் விளம்பரத்துக்கு வந்தவர் என்று எண்ணிவிட்டீர்கள் போலும். அவர்தான் ஷார்லொட் பெரியாண். 1928இல் லெ கொர்புசியே, அவருடைய உறவினர் பியேர் ஜான்னரே இருவரோடும் சேர்ந்து அந்த நாற்காலியை வடிவமைத்தவர்.

1903இல் பாரிசில் பிறந்தவர். 1927இல் வேலை கேட்டுப் போனபோது, ‘இங்கே நாங்கள் மெத்தைகளுக்குப் பூவேலை செய்வதில்லை’ என்று லெ கொர்புசியே திருப்பி அனுப்பிவிட்டார். அதன் பிறகு ஒரு கண்காட்சியில் பெரியாண் குரோமியத்திலும் அலுமினியத்திலும் அமைத்திருந்த மாடி அறையைப் பார்த்தபின் அவரே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். பத்தாண்டுகள் லெ கொர்புசியேயின் வடிவமைப்புக் கூடத்தில் நாற்காலி, மேசை, அலமாரி வேலைகளைப் பார்த்தவர் இந்தப் பெண். உலோக உருண்டைகளைக் கோத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு திரிந்தாராம். துணிச்சல்காரிதான்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன். தோட்டத்தை விட்டு மூவாருக்குப் போய் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் 22 ஆண்டுகள் இருந்தேன். பின்காலும் இருக்கைச் சட்டமும் சேருகிற மூலையில் இயந்திரம் போகாது. உப்புத்தாளை விரலில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். இன்றும் எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலியின் அந்த மூலையைத்தான் முதலில் தடவிப் பார்க்கிறேன். மனைவிக்கு அது பெரிய வெட்கம். நான் தேய்த்த நாற்காலிகளில் எவனோ ஒருவன் பெயர் ஒட்டிப் போனதில் எனக்கு வருத்தமில்லை. அது கூலி வேலை. யோசித்து வரைந்தவர் கதை வேறு.

கட்டுரையாளர் தொடாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. ஜெர்மானியரிடம் பாரிஸ் வீழ்ந்த 1940 ஜூனில் பெரியாண் ஜப்பானுக்குக் கப்பலேறினார். வெளிநாடுகளுக்கு விற்கும் கைவினைப் பொருள்களுக்கு ஆலோசனை சொல்ல அந்நாட்டு வர்த்தகத் தொழில் அமைச்சு அழைத்திருந்தது. அங்கே அவர் கையிலெடுத்தது எஃகை அல்ல, மூங்கிலை. நீங்கள் போட்ட அதே சாய்வு நாற்காலியை மூங்கில் சிம்புகளை வளைத்துச் செய்துகாட்டினார். மூங்கிலை வளைத்தால் திரும்பி உதைக்கும். அந்த உதைப்பே படுப்பவரின் முதுகைத் தாங்கும்படி விட்டிருக்கிறார். 1941இல் தக்காஷிமாயா பேரங்காடியில் அதைக் காட்சிக்கு வைத்தார். எஃகு நாற்காலியைவிட எனக்கு இதுதான் பெரிது. பால் வற்றிய ரப்பர் மரத்தை வெறும் விறகென்று, ரப்பர் தாள் உலர்த்தும் புகைக்கூடத்தில் எரித்த ஊர்க்காரன் நான். அதே மரத்துக்குப் பூச்சி அரிக்காதபடி மருந்தேற்றி, சூளையில் உலர்த்தி, நாற்காலியாக்கிக் கப்பலேற்றியதையும் பார்த்தவன். அதனால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

போருக்குப் பிறகு பிரான்சின் மார்செய் நகர அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பெரியாண் வகுத்த சமையலறை, கூடத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். சமைப்பவர் வந்தவர்களோடு பேசிக்கொண்டே சமைக்கலாம். தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டில் அம்மா பின்கட்டில் விறகடுப்பை ஊதிக்கொண்டே, “யாருப்பா வந்திருக்கிறது?” என்று கத்துவார். நாங்கள் திரும்பக் கத்துவோம். வந்தவர் சிரிப்பார்.

ஆகவே, அடுத்த மலரில் படக்குறிப்பைத் திருத்தி, மூன்று பெயர்களையும் போடுங்கள். மூங்கில் நாற்காலியின் படம் கிடைத்தால் அதையும் கொஞ்சம் பெரிதாகவே வெளியிடுங்கள். என் வீட்டு வாசலில் கிடக்கும் பிரம்பு நாற்காலியில் கைப்பிடிக் கட்டு அவிழ்ந்து தொங்குகிறது. அதைக் கட்டத் தெரிந்தவர் எங்கள் ஊரில் இப்போது ஒருவர்தான் இருக்கிறார். அவரிடம் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நாற்காலித் தொழிலாளி,
லாபிஸ், ஜொகூர்.