ஏரிக்குக் கீழே இருக்கும் வீட்டுக்கும் கடைக்கும் வெள்ளக் காப்பீடு: ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட ஆட்சியர்களுக்கும், முன்னோடி வங்கி மேலாளர்களுக்கும், பொதுத்துறைப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களின் மண்டல அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

வெள்ளக் காப்பீடு என்றாலே பேச்சு கடலூர், நாகப்பட்டினம் பக்கம் போய்விடுகிறது. ஆனால் ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு, 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. மழை கொட்டியது. ஏரி வழிந்த தண்ணீர் ஊத்தங்கரை பேருந்து நிலையம் அருகே நின்ற வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போனதை நாடே பார்த்தது. நம் பகுதிக்கு வெள்ளம் கடலில் இருந்து வருவதில்லை. ஏரி வழிந்தும், தூர்ந்த ஓடை பொங்கியும், அணை திறந்தும் வருகிறது.

பாலிசி இல்லாமல் இல்லை. வீட்டுக்கு 'பாரத் கிருக ரக்ஷா', சிறு கடைக்கும் பட்டறைக்கும் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற, எல்லா நிறுவனங்களும் ஒரே வடிவில் தரும் பாலிசிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. இரண்டிலும் வெள்ளச் சேதம் அடக்கம். 10 லட்ச ரூபாய் வீட்டுக்கு ஆண்டுப் பிரீமியம் பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். ஆனால் அதில் முகவருக்குக் கிடைப்பது சில பத்து ரூபாய். அதற்காக யாரும் சிங்காரப்பேட்டைக்கோ தீர்த்தமலைக்கோ போய் வீடு வீடாக விளக்கப் போவதில்லை. வீட்டுவரி ரசீதை ஆதாரமாக வைத்து, பேரூராட்சி, ஊராட்சி வழியாகக் பல வீடுகளுக்கும் சேர்த்து ஒரே குழுப் பாலிசியாக எடுத்தால் வீடு வீடாகப் போகும் செலவு குறையும். வரி கட்டும் இடத்திலேயே பிரீமியமும் வாங்கலாம்.

சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. வீட்டுக்கோ மளிகைக் கடைக்கோ அப்படி ஒரு பைசா உதவி இல்லை. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி நீங்கியது. வீட்டுக் காப்பீட்டுக்கு 18 சதவீதம் தொடர்கிறது. இதை ஜிஎஸ்டி கவுன்சிலில் எழுப்பும்படி மாநில அரசுக்கு ஆட்சியர்கள் எழுத வேண்டும்.

வங்கி மேலாளர்களிடம் ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். கடன் வாங்கிய கடைக்கு வங்கியே பாலிசி எடுக்கிறது. நகல் கடைக்காரர் கைக்கு வருவதில்லை. கடை இடம் மாறியிருக்கும், பாலிசியில் பழைய விலாசம் இருக்கும். அல்லது கடன் பாக்கி அளவுக்கு மட்டும் எடுத்திருப்பார்கள். 10 லட்ச ரூபாய் சரக்கு உள்ள கடைக்கு 5 லட்சத்துக்குப் பாலிசி இருந்து, 2 லட்சத்துக்குச் சரக்கு நனைந்தால், சரக்கு மதிப்பில் பாதிக்குத்தான் காப்பீடு என்பதால் சேதத்திலும் பாதி, அதாவது 1 லட்சம்தான் கைக்கு வரும். சூக்ஷ்ம பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவு இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். பாதிக்குப் பாதி என்றால் கழித்துவிடுவார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன், நகலைக் கொடுத்து, விலாசத்தையும் சரக்கு மதிப்பையும் கையெழுத்தோடு சரிபார்க்க வேண்டும்.

வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் இறுகிப் பழுதானால், இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு எடுத்திருந்தால்தான் வழி உண்டு. வாடகை வண்டி நிறுத்தங்களில் இதைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

மழையளவை வைத்தே பணம் கொடுக்கும் காப்பீட்டை நாகாலாந்து அரசு எடுத்திருக்கிறது. சேதத்தை அளக்க சர்வேயர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மழைமானி குறித்த அளவைத் தாண்டினாலே தொகை வந்துவிடும். இங்கே அந்த அளவை 24 மணி நேரத்தில் 20 செ.மீ. என்று வைக்கலாம், வானிலைத் துறை அதிகனமழை என்பது அதற்கு மேல்தான். ஆனால் மழையை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பெய்த மழைக்குத் தென்பெண்ணை இங்கே பெருகும். அன்று கிருஷ்ணகிரி மழைமானியில் ஒன்றுமே இருக்காது. எனவே தென்பெண்ணையின் குறுக்கே உள்ள கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணையிலிருந்து திறக்கும் கனஅடியை இரண்டாவது அளவுகோலாகச் சேர்க்க வேண்டும். நீர்வளத் துறை அதை நாள்தோறும் பதிகிறது. மழைமானி தூரமாக உள்ள ஊர்களுக்குத் தானியங்கி மானி வைத்த பிறகே பாலிசி போட வேண்டும். இல்லையென்றால் நனைந்தவருக்குப் பணம் வராது, நனையாதவருக்கு வரும்.

இந்தப் பருவமழைக்கு முன் ஊத்தங்கரை, அரூர் இரண்டு வட்டங்களில் மட்டுமாவது குழுப் பாலிசியைத் தொடங்குங்கள். பாலிசிச் சுருக்கம் தமிழில், ஒரே தாளில், எது கிடைக்காது என்பதை முதல் வரியாக வைத்து அச்சாகட்டும்.

இப்படிக்கு,
ஊத்தங்கரை, அரூர் வட்டாரப் பொதுக்காப்பீட்டு முகவர்கள்