ஆஸ்பத்திரிப் படம்

அருப்புக்கோட்டை
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று நீ போனில் கேட்டதற்கு "பார்த்துச் செய்ம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற உன் அம்மா, "பிள்ளை என்னமோ கலங்கிப்போய் கேக்குது, நீங்க என்னமோ பஸ் ஏத்திவிடுற மாதிரி பேசுறீங்க" என்று ஏசினாள். எனக்குப் பேச்சில் வராது, எழுத்தில்தான் வரும். வாட்ஸப்பில் எழுதினால் நான் முடிக்கும் முன்னால் நீ பதில் போடுவாய். அதனால்தான் தாளும் பேனாவும்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். அந்த மூத்த நடிகர் ஐசியூவில் இருக்கிறார். கொஞ்ச நாள் அரசியலிலும் இருந்தவர். உள்ளே வேலை செய்கிற ஒருவர் போனில் படம் எடுத்து அனுப்பத் தயார், ஐயாயிரம் கேட்கிறார். உங்கள் எடிட்டர் வாங்கச் சொல்கிறார். நீ வாங்காவிட்டால் இன்னொரு சேனல் வாங்கும். "பொது வாழ்க்கைக்கு வந்தவர்தானே, ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்று அவர் கேட்டதற்கு உன்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கேள்வி லேசுப்பட்டதில்லை தாயி. நம் ஊர் அரசியலே ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றித்தான் பல தடவை சுழன்றிருக்கிறது.

1967இல் எனக்கு ஏழு வயது. தாத்தாவின் டீக்கடையில் பேப்பரை ஒருவர் சத்தமாக வாசிக்க, பத்துப் பேர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். ஜனவரி 12ஆம் தேதி எம்.ஜி.ஆரை ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஆர். ராதா சுட்ட சேதி வந்தபோது கடையில் டீ விற்கவே இல்லையாம், ஒரே அழுகையாம். அடுத்த மாதம் தேர்தல். கழுத்தில் கட்டுப் போட்ட எம்.ஜி.ஆர். படம் போஸ்டராக வந்து நம் கடைச் சுவரிலும் ஏறியது. அவர் பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் ஜெயித்தார். அப்போது அவர் இருந்த தி.மு.க. ஆட்சியைப் பிடித்ததற்கு அரிசிப் பஞ்சமும் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டமும்தான் பெரிய காரணங்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் ஏழு வயதுப் பையனுக்கு அரிசி விலை ஞாபகம் இல்லை, அந்தக் கட்டு ஞாபகம் இருக்கிறது. அந்தச் சம்பவத்தில் ராதாவுக்கும் குண்டுக் காயம். அவர் படத்தை யாரும் சுவரில் ஒட்டவில்லை. சுட்டவர் என்பதால்தான், சரி. இருந்தாலும் எந்தக் காயத்தைக் காட்டுவது என்பதை யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்கிறார் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

அதற்கப்புறம் எம்.ஜி.ஆர். குரலே மாறிப்போனது. அந்தக் குரலிலேயே 'காவல்காரன்' படத்தில் பேசினார், ஜனங்களும் ஏற்றுக்கொண்டார்கள். அடிபட்டவர் தானே எழுந்து வந்து, தன் அடியைத் தானே காட்டிக்கொண்டது அது. அதில் எனக்குக் குறையில்லை. பத்து வருஷம் கழித்து நம் அருப்புக்கோட்டையில் நின்றுதான் முதலமைச்சர் ஆனார். அதை உனக்குச் சொல்லத் தேவையில்லை, உன் அம்மா வீட்டில் இன்றைக்கும் அதே பேச்சுதான்.

1984இல் கதை கொஞ்சம் மாறியது. நான் அப்போது பகுதி நேர நிருபர். அக்டோபரில் அவர் சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், பக்கவாதம் வந்து பேச்சு போனது, அடுத்த மாதம் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஆள் இருக்கிறாரா இல்லையா என்றே ஊரில் பந்தயம் கட்டினார்கள். டிசம்பரில் தேர்தல். புரூக்ளின் ஆஸ்பத்திரியில் எடுத்த வீடியோவை ஊர் ஊராகக் காட்டினார்கள். சாப்பிடுகிறார், பேப்பர் பார்க்கிறார். நானும் கூட்டத்தில் நின்று பார்த்தேன். ஒரு கிழவி டிவிப் பெட்டிக்கு முன்னால் போய் நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தாள். அவர் பேசியதாக எனக்கு நினைவில்லை. 'ஏன் பேசலை?' என்று யாரும் கேட்கவில்லை. நிருபர் என்று பையில் கார்டு வைத்திருந்த நானும் கேட்கவில்லை. "தலைவரைக் கண்ட மக்கள் ஆனந்தக் கண்ணீர்" என்று எழுதி பஸ் கவரில் மதுரைக்கு அனுப்பினேன். ஆண்டிபட்டிக்கு வராமலே அவர் ஆண்டிபட்டியில் ஜெயித்தார். இந்திரா காந்தி கொலையான அனுதாபமும் காங்கிரஸோடு வைத்த கூட்டணிக்குச் சேர்ந்தது.

உன் காலத்துக்கு வருவோம். 2016 செப்டம்பர் 22ஆம் தேதியிலிருந்து 75 நாள் ஜெயலலிதா ஆஸ்பத்திரியில். இந்தத் தடவை ஒரு படம்கூட வெளியே வரவில்லை. கிரீம்ஸ் ரோட்டில் கேமராக்கள் வாசலையே பார்த்து நின்றன. அறிக்கை வந்தால் அறிக்கை, வராவிட்டால் வதந்தி. டிசம்பர் 5ஆம் தேதி சாயங்காலமே சில சேனல்கள் இறந்துவிட்டார் என்று போட்டன. கட்சி ஆபீஸில் கொடி இறங்கியது. ஆஸ்பத்திரி மறுத்ததும் திரும்ப ஏறியது. ராத்திரிதான் நிஜ அறிவிப்பு. இடைப்பட்ட அந்த நேரத்தில் நீ ஹாஸ்டலிலிருந்து போன் செய்து, "எதை நம்புறதுப்பா?" என்று கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? அடுத்த வருஷம் ஒரு அமைச்சரே மேடையில், அம்மா இட்லி சாப்பிட்டார் என்று நாங்கள் சொன்னதெல்லாம் பொய் என்று மன்னிப்புக் கேட்டார்.

உங்கள் எடிட்டர் பக்கம் நியாயம் இருப்பது இங்கேதான். ஆட்சியில் இருப்பவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கிறாரா என்று கேட்க ஜனங்களுக்கு உரிமை உண்டு. அதை மூடி வைத்தது தப்பு. ஆனால் அதற்கு வேண்டியது டாக்டரின் நேரான வார்த்தை, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிற நிருபர். படம் இல்லை. படம் வந்தபோது என்ன ஆயிற்று பார். 2017 டிசம்பர் 20, ஆர்.கே. நகர் வாக்குப்பதிவுக்கு முந்தின நாள், ஜெயலலிதா படுக்கையில் பழச்சாறு குடிக்கிற வீடியோவைக் கட்சிக்காரர் ஒருவரே வெளியிட்டார். தேர்தல் ஆணையம் ஒளிபரப்பாதே என்று சொல்வதற்குள் ஊர் பூராவும் பார்த்தாகிவிட்டது. வாழ்நாள் முழுக்கத் தன் முகம் எப்படித் தெரிய வேண்டும் என்று கவனமாக இருந்த நடிகை அவர். அந்தக் கோலத்தில் தன்னை ஊருக்குக் காட்டலாமா என்று அவரிடம் கேட்க வழியே இல்லை, போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதைப் பார்த்து யாருக்காவது எந்தச் சந்தேகமாவது தீர்ந்ததா? அப்புறமும் விசாரணை ஆணையம் வருஷக்கணக்கில் நடந்தது.

அதனால் உன் நடிகர் விஷயத்தில் நான் கேட்பது ஒன்றுதான். அவர் இப்போது எந்தப் பதவியிலும் இல்லை. அவர் மூச்சுக்குழாயைப் பார்த்து ஜனங்கள் முடிவு செய்ய வேண்டியது என்ன இருக்கிறது? வேண்டாம் என்று சொல்லும் நிலையிலும் அவர் இல்லை. அந்த ஐயாயிரம் வாங்குகிறவரிடம், "இவரோட மகன் பக்கத்தில் இருக்கும்போது எடுப்பீங்களா?" என்று மட்டும் கேட்டுப் பார்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது.

1988இல் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடி விபத்து. காயம்பட்டவர்களைக் கொண்டுவந்த ஆஸ்பத்திரிக்கு நான்தான் முதலில் போனேன். தீக்காய வார்டில் பதினாலு, பதினஞ்சு வயதுப் பிள்ளை. முகத்தில் கண் இரண்டைத் தவிர எல்லாம் கட்டு. தாய்க்காரி கீழே உட்கார்ந்திருந்தாள். கேமராவைக் காட்டி, "எடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். பேண்ட் போட்டு வந்தவனை டாக்டர் என்றோ அதிகாரி என்றோ நினைத்திருப்பாள். எனக்கு அது அப்போதே தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். ஃபிலிம் ரோலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன், மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஆபீஸ் பையன் வாங்கிக்கொண்டான். மறுநாள் முதல் பக்கம், நாலு காலம். ஆபீஸிலிருந்து டிரங்க் கால் போட்டுப் பாராட்டினார்கள். அந்த மாதம் பேப்பரில் வந்த என் செய்திகளின் கட்டிங்கை ஒட்டி, நீளத்தை அளந்து பில் அனுப்பும்போது, படத்துக்குத் தனியாகக் காசு வரும் என்று சந்தோஷமாகக் கூட இருந்தேன்.

பிள்ளை மூன்றாம் நாள் போய்விட்டது.

ஒரு மாதம் கழித்து அந்தம்மா விசாரித்துக்கொண்டு நம் வீட்டுக்கே வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்துப் பின்கட்டில் நின்றேன். உன் ஆச்சிதான் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். வந்தவள், முந்தானையில் முடிந்து வைத்திருந்த பேப்பர்த் துண்டைப் பிரித்தாள். என் படம். பிள்ளையை அதுவரைக்கும் யாரும் போட்டோவே எடுத்ததில்லையாம். வீட்டில் மாட்டுவதற்குப் பெரிசாக ஒன்று வேண்டும், "கட்டு இல்லாம போட்டுத் தாங்கய்யா" என்றாள்.

பஜார் ஸ்டூடியோவுக்கு நெகட்டிவை எடுத்துக்கொண்டு ஓடினேன். டச்சப் செய்கிற பெரியவர் லைட்டில் பிடித்துப் பார்த்தார். "கட்டை எடுத்துடலாம் தம்பி. கீழே என்ன முகம் போடுறது?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் நின்றோம். கடைசியில் கண் இரண்டும் தெரிகிற அளவுக்கு மட்டும் வெட்டி, சின்னதாகச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். அவள் காசு முடிச்சை அவிழ்த்தாள். நான் வாங்கவில்லை. அதையும் ஒரு பெருமையாகச் சொல்லவில்லை.

நெகட்டிவ் இரும்புப் பெட்டியில், ரேஷன் கார்டுக்குக் கீழே இருக்கிறது. உன் அம்மாவுக்குத் தெரியும். பொங்கலுக்கு வரும்போது எடுத்துக் காட்டுகிறேன்.

எடிட்டரிடம் என்ன சொன்னாய் என்று எழுது. வேலை போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, உன் ரூம் வாடகை எனக்குத் தெரியும். கருப்பட்டி அனுப்பச் சொல்லியிருந்தாயே, பார்சல் போட்டாகிவிட்டது, புதன்கிழமை வந்துவிடும்.

அன்புடன்
அப்பா