கோரிக்கை மனு: ரிப்பன் மாளிகை மணிக்கூண்டில் சாவி கொடுப்பதைப் பொதுமக்கள் பார்க்க அனுமதிப்பது தொடர்பாக

அனுப்புநர்:
பழைய கடிகாரம் பழுது பார்ப்போர் மற்றும் மரபு நடை வழிகாட்டிகள்,
சென்னை.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

பொருள்: மணிக்கூண்டுப் பார்வை – மாதம் ஒரு ஞாயிறு – அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். மாளிகையின் கூடங்களையும் மாடங்களையும் சுற்றிப் பார்ப்பது பற்றியதல்ல இம்மனு. கோபுரத்தில் உள்ள கடிகாரம் பற்றியது. மாளிகை திறக்கப்பட்ட 1913-ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்ட இக்கடிகாரம், நாள்தோறும் கையால் சாவி கொடுக்க வேண்டிய வகை. மணிகளும் அதே ஆண்டில் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டவை. ஊரில் பல மணிக்கூண்டுகளுக்கு மின்சாரக் கடிகாரம் வந்துவிட்டது. அங்கெல்லாம் ஏறிப் பார்க்க ஒரு பெட்டியும் வயரும்தான் இருக்கும்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை 10.30 முதல் 11.15 வரை, எட்டுப் பேர் கொண்ட ஒரே குழுவை மேலே அனுமதிக்கக் கோருகிறோம். நேரத்தை இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கால் மணிக்கு ஒருமுறை வெஸ்ட்மின்ஸ்டர் மெட்டு (லண்டன் பிக் பென் கடிகாரத்தின் மணியிசை) ஒலிக்கும். முதல் காலுக்கு 4 முறை மணி அடிக்கும், அரைக்கு 8, முக்காலுக்கு 12, முழு மணிக்கு 16. அதன் பிறகே மணி எண்ணிக்கை. 10.45 மெட்டு அடங்கியதும் சாவி கொடுக்கத் தொடங்கி 10.55-க்குள் முடித்துவிட வேண்டும். மணியடிக்கும் பகுதி சில நிமிடம் முன்பே 'டக்' என்று ஒரு சத்தத்தோடு தயாராகிவிடும். அதன் பிறகு கைப்பிடியைச் சுற்றினால், அடிக்கத் தொடங்கும் நேரத்தில் பல்சக்கரம் மாட்டிக்கொள்ளும். கைப்பிடி எகிறிக் கையிலும் அடிக்கும். சாவி முடிந்த கையோடு 11 மணி அடிப்பதையும் பார்த்துவிட்டால், வந்தவர்களுக்கு வேறு விளக்கமே தேவைப்படாது.

மணிகள் இருக்கும் தளத்துக்கு, அடிக்கும் நேரத்தில் யாரையும் அனுப்பக் கூடாது. காது பாதிக்கும் என்பது ஒன்று. தூக்கிய சுத்தியல் எப்போது விழும் என்று புதியவருக்குத் தெரியாது என்பது இன்னொன்று. இயந்திரத்தருகே வேகத்தைக் கட்டுப்படுத்தும் விசிறித் தகடு, அடிக்கும்போது சட்டென்று சுழலும். துப்பட்டா, அடையாள அட்டைக் கயிறு இரண்டும் சிக்கும். ஆகவே இயந்திரத்தைச் சுற்றி மூன்றடி தள்ளி ஒரு கயிறு கட்டினால் போதும். கண்ணாடித் தடுப்பு வேண்டாம். எண்ணெய் விடுபவருக்குத்தான் அது இடைஞ்சல்.

பித்தளையைத் தொடவிடக் கூடாது. கை வியர்வையின் உப்பு நம் ஊர்க் கடற்காற்றோடு சேர்ந்தால், தொட்ட இடத்தில் விரல் ரேகையாகவே கறுத்துவிடும். பெண்டுலம் ஆடும்போது தரை அதிரக் கூடாது என்பதால் வரிசையாக நின்றே பார்க்க வேண்டும். இங்கும் அங்கும் நடமாட்டம் கூடாது.

பராமரிப்பு குறித்தும் சில. முள்ளில் புறா உட்காராமல் வலை தேவை. பெரிய முள் மேலேறும் அரைமணியில் புறாவின் எடை சேர்ந்தால் கடிகாரம் பின்தங்கும், சில சமயம் நின்றும் போகும். பெண்டுலத் தண்டு எஃகாக இருந்தால், வெப்பம் 10 டிகிரி கூடும்போது நாளொன்றுக்குச் சுமார் 5 விநாடி மெதுவாகும். மே மாதம் முழுக்கக் கவனிக்காமல் விட்டால் இரண்டரை நிமிடம். அருகிலேயே சென்ட்ரல் நிலையக் கடிகாரமும் இருப்பதால் இந்த வித்தியாசம் ஊருக்கே தெரிந்துவிடும். வேகமாகிவிட்டால் முள்ளைப் பின்னுக்குத் தள்ளக் கூடாது. மணியடிக்கும் கணக்கு குழம்பும். முந்திய அளவு நேரம் பெண்டுலத்தை நிறுத்தி வைத்து, பிறகு ஆட்டிவிடுவதே முறை. பழைய எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசினாகியிருந்தால், அதன் மேலேயே புது எண்ணெய் ஊற்றுவது பெரும் கேடு. துடைத்த பிறகு ஒவ்வொரு அச்சு முனைக்கும் ஒரு சொட்டுதான். பற்களுக்கு எண்ணெயே வேண்டாம்.

சாவி கொடுக்கும் பணியாளரையே விளக்கம் சொல்லவும் கேட்டுக்கொள்ளலாம். அவரைவிட நன்றாகச் சொல்லக் கூடியவர் கிடைப்பது அரிது. அதற்குத் தனி ஊக்கத்தொகையும் தர வேண்டும். நபருக்கு ரூ.50 கட்டணம் வாங்கினாலும், மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாக்கக் கோருகிறோம். வருவோர் சென்ட்ரல் மெட்ரோவிலோ பூங்கா ரயில் நிலையத்திலோ இறங்கி நடந்து வந்துவிடலாம் என்பதால் வாகன நிறுத்தம் தேவையில்லை.

படிக்கட்டின் கைப்பிடி, விளக்கு, தரைப்பலகையின் உறுதி ஆகியவற்றைப் பொறியாளர் முதலில் சான்றளிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பார்வை வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை சோதனை முறையில் நடத்தலாம். அந்த மூன்று முறையும் எங்களில் இருவர் ஊதியமின்றி உடனிருக்கத் தயார். ஆய்வுக்கு ஒரு நாள் குறித்துத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: சென்னை

இப்படிக்கு,
மனுதாரர்கள்
(கையொப்பப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது)