பெர்ஸ்பெக்ஸை தின்னர் போட்டு தொடைக்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க பேப்பர்ல வீட்டுக் குறிப்புன்னு ஒண்ணு, பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடியாட்டம் இருக்கற பிளாஸ்டிக்) மங்கிப்போனா தின்னர் தொட்டு தொடைங்க புதுசாட்டம் ஆயிடும்னு போட்டிருந்தீங்க. யாராச்சும் சாமி படத்துல செஞ்சு பாக்கறதுக்குள்ள இந்தக் கடிதத்த போட்டுடுங்க. ஏன்னா அந்தக் கூத்த நான் பண்ணியிருக்கேன், அதுவும் துரையோட ஏரோபிளேன்ல.

தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம், உள்ளயே புல்லு ஓடுபாதை, நான் ஒர்க்‌ஷாப்புல கையாள். சின்ன பிளேனுக்கு முன்னால இருக்கறது கண்ணாடியே இல்ல, அக்ரிலிக், அதான் நம்ம சொல்ற பெர்ஸ்பெக்ஸ். பூச்சி அடிச்ச கறை போகலன்னு பெயிண்ட் தின்னர்ல தேச்சேன். அப்ப பளபளன்னுதான் இருந்துச்சு. மறுநாள் காலை வெயிலுக்கு எதிர நின்னு பாத்தா உள்ளுக்குள்ள முடி முடியா வெடிப்பு, மீன் செதிலாட்டம் மின்னுது, துரைக்கு ஓடுபாதையே தெரியல.

சுபாங் ஏர்போர்ட்லேர்ந்து லைசன்ஸ் இன்ஜினியர் வந்து வேற மாத்துனாரு. ஷீட்டுல ஒட்டியிருந்த காகிதத்த உரிக்கவே விடல, ஓரத்துல மட்டும் கொஞ்சம். ஒரு நூல் தேய்ப்பாரு, சட்டத்துல வெச்சு பாப்பாரு, திரும்ப எடுப்பாரு, மதியம் வரைக்கும் இதே கததான். நான் சும்மா இருக்காம, இறுக்கமா உக்காந்தா நல்லதுதானேன்னு கேட்டுட்டேன். அதுக்கு அவரு, ஒரு மீட்டர் அக்ரிலிக் 30 டிகிரி சூடு ஏறுனா 2 மில்லிமீட்டர் நீளும், சட்டத்து அலுமினியம் முக்கால் மில்லிகூட நீளாது, எடம் விடலன்னா அது எங்கய்யா போகும், வெடிக்கத்தான் செய்யும்னாரு. ஓரத்துல சந்து விட்டு, ஃபெல்ட் பட்டை வெச்சு, சீலன்ட் போட்டுத்தான் முடிச்சாரு. (நம்ம பசார்ல கடை போர்டு ஸ்க்ரூ ஓட்டையிலேர்ந்தே கீறல் விட்டு நிக்குதே, அதுவும் இதே வியாதிதான். ஓட்டைய பெருசா போட்டு ஸ்க்ரூவ லூசா விட்டிருக்கணும்.)

தின்னர் மட்டுமில்ல, பெட்ரோல், அசிட்டோன், அமோனியா கலந்த கண்ணாடி ஸ்ப்ரே எதுவும் ஆகாது. காஞ்ச துணியும் வேணாம், தூசியே கீறிடும், போதாததுக்கு தேய்க்கத் தேய்க்க தூசிய இழுக்கும். மோதிரத்த கழட்டிட்டு, சோப்புத் தண்ணி நெறைய ஊத்தி வெறுங்கையால தடவி கழுவுனா போதும், பிளேனுக்கே அதான் வைத்தியம்.

திருத்தம் போட்டா அதே எடத்துல அதே எழுத்து அளவுல போடுங்க ஐயா, பின்பக்க மூலையில வேணாம்.

இப்படிக்கு,
பழைய ஒர்க்‌ஷாப் ஆள்,
தெலுக் இந்தான்